பானட்டைத் திற, தம்பி!

வண்டி கிளம்பவில்லையா?

சாவியைத் திருப்பினாய். உறுமவில்லை. மறுபடியும் திருப்பினாய். "டக்" என்று ஒரு சத்தம். அதோடு சரி.

உடனே என்ன செய்தாய்? ஸ்டீயரிங்கில் ஒரு குத்து. ஓனருக்கு ஒரு போன். "பழைய வண்டிங்கண்ணா, நான் என்ன பண்றது?"

நிறுத்து!

நான் என்ன பண்றது என்றுதானே கேட்டாய்? பதில் சொல்கிறேன், கேள். நீ பண்ண வேண்டியது ஏராளம். அதில் ஒன்றைக்கூட நீ இன்னும் தொடவில்லை!

கோபம் வருகிறதா? வரட்டும். அந்தக் கோபத்தோடு கீழே இறங்கு. பானட்டைத் திற! குட்டி யானை வைத்திருக்கிறாயா? சீட்டைத் தூக்கு! என்ஜின் அங்கேதான் இருக்கிறது. உன் பிழைப்பும் அங்கேதான் இருக்கிறது.

உன் வேலை சின்ன வேலையா?

பெருமாநல்லூர் நால்ரோட்டில் நின்று பார். ஒரு பக்கம் சேலத்துக்கும் கோவைக்கும் ஓடுகிற தேசிய நெடுஞ்சாலை. குறுக்கே திருப்பூருக்கும் கோபிக்கும் போகிற சாலை. விடிந்தது முதல் நள்ளிரவு வரை துணி ஓடுகிறது!

நிட்டிங்கில் இறங்கிய ரோல் சாயப்பட்டறைக்குப் போக வேண்டும். சாயம் ஏறியதும் காம்பாக்டிங். பிறகு கட்டிங். பிறகு தையல். பிறகு செக்கிங், அயர்னிங், பேக்கிங். பிறகு தூத்துக்குடித் துறைமுகம். பிறகு கப்பல்.

இத்தனை 'பிறகு' சொன்னேனே, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓடுவது யார்? நீ! உன் பிக்கப்!

நீ ஏற்றிப் போகிற கட்டிங் பீஸ் வராவிட்டால், தையல் பவர்டேபிளில் ஒரு லைன் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற அக்காவுக்கு அன்றைக்குக் கூலி குறையும். சனிக்கிழமை சம்பளக் கவர் இளைக்கும்.

இவ்வளவு பேருடைய சோறு உன் சாவியில் தொங்குகிறது. நீ "நான் என்ன பண்றது" என்கிறாயா?

உன்னைச் சின்ன ஆள் என்று நீ நினைப்பதுதான் முதல் பழுது. அதை முதலில் கழற்றிப் போடு!

சாக்கு எத்தனை வைத்திருக்கிறாய்?

"பழைய வண்டி" என்கிறாய்.

அதனால் என்ன? குட்டி யானை என்கிற டாடா ஏஸ் சந்தைக்கு வந்தது 2005-இல். இரண்டே சிலிண்டர். 702 சிசி டீசல் என்ஜின். அப்போது வாங்கிய வண்டிகளில் எத்தனையோ இன்றைக்கும் ரோல் ஏற்றிக்கொண்டு ஓடுகின்றனவே! அவற்றுக்கு மட்டும் வயதாகவில்லையா?

வயது என்று ஒரு பழுது கிடையாது. தேய்ந்த கார்பன் பிரஷ் ஒரு பழுது. துருப்பிடித்த எர்த் ஒயர் ஒரு பழுது. அடைத்த டீசல் ஃபில்டர் ஒரு பழுது. இவற்றுக்கெல்லாம் ஸ்பானர் இருக்கிறது. 'பழசு' என்ற சொல்லைக் கழற்ற எந்தக் கடையில் ஸ்பானர் விற்கிறது?

சொல்லப்போனால் பழைய வண்டி உனக்கு ஒரு வரம்! கம்ப்யூட்டர் குறைவு. சென்சார் குறைவு. பெரும்பாலான பழுது கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும், கைக்கு எட்டும்.

"எனக்கு மெக்கானிசம் தெரியாது" என்கிறாய்.

யாருக்குப் பிறக்கும்போதே தெரிந்தது? கோவைப் பக்கம் கலங்கலில் ஒரு பையன் பிறந்தான். பள்ளிக்கூடம் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தான். இது எப்படி ஓடுகிறது? அந்தக் கேள்வி அவனைத் தூங்க விடவில்லை.

கோவைக்குப் போனான். ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தான். காசு சேர்த்து அப்படி ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினான். வாங்கி என்ன செய்தான்? ஊர் சுற்றினானா? பிரித்தான்! ஒவ்வொரு பாகமாகப் பிரித்தான். திரும்ப மாட்டினான். அப்படித்தான் கற்றுக்கொண்டான்.

அந்தப் பையன்தான் ஜி.டி.நாயுடு! நம் திருப்பூரில் பஞ்சுத் தொழிலும் பார்த்தவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை விட்டு, தானே ஓட்டியவர். இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுவது 1937-இல் கோவையில் உருவானது. அதன் பின்னணியிலும் அவர் இருந்தார்.

உன் வண்டியின் செல்ஃப் மோட்டாரும் ஒரு மின்மோட்டார்தான், தம்பி! அதைச் செய்து பார்த்த மண்ணில் பிறந்துவிட்டு, அதைத் தொட்டுப் பார்க்கப் பயப்படுகிறாயா?

"என் நேரம் சரியில்லை" என்கிறாய்.

சாமி கும்பிடு. பெருமாநல்லூர்க் கொண்டத்துக் காளியம்மனைக் கையெடுத்துக் கும்பிடு. கும்பிட்ட கையோடு ஸ்பானரை எடு! பங்குனியில் குண்டம் இறங்குகிற ஊர் இது. தணலில் கால் வைக்கத் துணிகிறவர்கள் நடமாடுகிற ஊரில், பானட்டுக்குள் கை வைக்கப் பயமா?

"மெக்கானிக் வரட்டும்" என்கிறாய்.

வரட்டும்! தாராளமாக வரட்டும். ஆனால் அவரிடம் என்ன சொல்லுவாய்? "ஸ்டார்ட் ஆகல" என்பாய். அது ஒரு தகவலா? "செல்ஃப் நல்லா சுத்துதுங்க, சைலன்சர்ல புகையே வரல" என்று சொல்லிப் பார். பாதி வேலையை நீ முடித்துவிட்டாய்! அவர் எதைக் கையில் எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

தெரியாத பாகத்தைத் திறமைசாலியிடம் ஒப்படைப்பது அறிவு. பார்க்கவே மாட்டேன் என்று ஒதுங்கி நிற்பது கோழைத்தனம். நீ இதில் எந்தப் பக்கம்?

வண்டி பேசுகிறது. காது கொடு!

முதலில் கியரை நியூட்ரலில் போடு. ஹேண்ட்பிரேக்கை இழு. வாட்சையும் மோதிரத்தையும் கழற்று. பீடி, சிகரெட் பக்கத்திலேயே வரக் கூடாது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வருகிற வாயு தீப்பிடிக்கும். துணிச்சல் என்றால் கண்மூடித்தனம் என்று நினைத்துவிடாதே!

இப்போது சாவியைத் திருப்பு. ஒரே ஒரு முறை. கவனமாகக் கேள்!

என்ன கேட்டது? ஒன்றுமே இல்லையா? ஒரே ஒரு "டக்"கா? "டக டக டக"வா? மெதுவாக முக்கி முக்கிச் சுற்றியதா? அல்லது செல்ஃப் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லையா?

ஐந்தும் வேறு வேறு பதில்! இத்தனை நாளும் ஐந்துக்கும் சேர்த்து ஒரே புலம்பல்தானே புலம்பினாய்?

ஒன்றுமே இல்லை, "டக டக", மெதுவாகச் சுற்றுகிறது. இந்த மூன்றுக்கும் முதல் சந்தேகம் பேட்டரி மேல்.

பார், அந்த டெர்மினலைப் பார்! வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறதா? எத்தனை மாதமாக அதைத் திறந்து பார்க்கவில்லை? கரண்ட் எப்படிப் போகும்?

முதலில் மைனஸைக் கழற்று. பிறகு பிளஸ்ஸை. வெந்நீர் ஊற்று. எமரி பேப்பர் போட்டுத் தேய். ஈயம் பளபளக்கும் வரை தேய்! பிறகு பிளஸ்ஸை மாட்டு, மைனஸைக் கடைசியில் மாட்டு. இறுக்கு. கையால் அசைத்தால் அசையக் கூடாது. மேலே கொஞ்சம் வாஸ்லைன் தடவு.

எத்தனையோ 'செத்துப்போன' வண்டிகள் இந்த ஒரு வேலையில் உயிர் பெற்றிருக்கின்றன. செலவு? ஒரு டம்ளர் வெந்நீர்!

அப்படியும் கிளம்பவில்லையா? சோர்ந்துவிடாதே! அடுத்ததுக்குப் போ!

மல்டிமீட்டர் எடு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற கருவி அது. வண்டி ஓய்ந்து நிற்கும்போது பேட்டரியில் வை. 12.6 வோல்ட் காட்டினால் வயிறு நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் பட்டினி.

இப்போது ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல். செல்ஃப் அடிக்கும்போது முள்ளைப் பார். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி இளைத்திருக்கிறது, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். காட்டவில்லையா? பேட்டரியை மாற்றிப் பயனில்லை. ஆல்டர்னேட்டரைப் பார், பெல்ட்டைப் பார்!

கேட்டாயா? எண் பொய் சொல்லாது. உன் பயம்தான் பொய் சொல்லும்!

பேட்டரி நன்றாக இருந்தும் சுற்றவில்லை என்றால் எர்த் ஒயரைத் தேடு. என்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகிற அந்த ஒயரை யாரும் சீந்துவதில்லை. மழையும் சேறும் தின்று அது பாதியாக இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறு முனையை என்ஜின் உடம்பிலும் வை. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதா? பிடித்துவிட்டாய் திருடனை!

ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்டால்? சொலினாய்டு வேலை செய்கிறது, மோட்டார் சுற்றவில்லை. ஒருவர் சாவியைத் திருப்ப, செல்ஃப் மோட்டார் உடம்பில் ஸ்பானரால் லேசாகத் தட்டிப் பார். சுற்றிவிட்டதா? கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அங்கேதான் பலர் கவிழ்கிறார்கள். தட்டினால் ஓடுகிறது என்று தினமும் தட்டுவார்கள். நீ அந்தத் தப்பைச் செய்யாதே! இன்றைக்குத் தட்டி லோடை இறக்கு. இன்று மாலையே பிரஷ்ஷை மாற்று. தள்ளிப்போட்ட சின்ன வேலைதான் பின்னால் பெரிய செலவாகித் திரும்பி வரும்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை!

செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது. என்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. இப்போதும் பயம் வேண்டாம்.

டீசல் என்ஜினுக்கு என்ன வேண்டும்? காற்று. அழுத்தம். சரியான நேரத்தில் ஒரு சொட்டு டீசல். அவ்வளவுதான்! பொறி தட்டுகிற பிளக் அதற்குக் கிடையாது. காற்றை இருபது மடங்கு நெருக்கும்போது அது ஐந்நூறு டிகிரிக்கும் மேலே கொதிக்கிறது. அந்தச் சூட்டில் டீசல் தானாகப் பற்றுகிறது.

நெருக்கினால்தான் சூடு! சூடு ஏறினால்தான் ஓட்டம்! உன்னை வாழ்க்கை நெருக்குகிறது என்று அழுகிறாயே, அந்த நெருக்கடியிலிருந்து எவ்வளவு சூட்டை எடுத்தாய்?

சரி, சைலன்சரைப் பார். செல்ஃப் அடிக்கும்போது புகை வருகிறதா?

புகையே இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. டேங்கில் டீசல் இருக்கிறதா? மீட்டர் முள்ளை நம்பாதே, மூடியைத் திறந்து பார்! ஃபில்டரின் அடியில் தண்ணீர் நிற்கிறதா? வடித்து விடு. ஃபில்டர் கறுத்து அடைத்திருக்கிறதா? மாற்று.

லைனில் காற்றுப் புகுந்திருக்கிறதா? ஃபில்டர் மேலே இருக்கிற கைப்பம்பை அடி. ஏர் எடுக்கிற ஸ்குரூவைத் தளர்த்து. நுரை வரும். அடித்துக்கொண்டே இரு. நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் இறுக்கு. கை வலிக்கிறதா? வலிக்கட்டும்! நுரை நிற்பதற்கு முன்பே கையை எடுத்தவனுக்கு வண்டி கிளம்பியதே இல்லை.

பழைய ரோட்டரி பம்ப் வண்டியா? சாவியை ஆன் செய்யும்போது பம்பின் பக்கத்தில் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். டீசலைத் திறந்து விடுகிற சொலினாய்டு அது. சத்தம் இல்லையா? அதன் ஒயரைப் பார், ஃபியூஸைப் பார். சில ரூபாய் ஃபியூஸ் ஒரு லோடையே நிறுத்திவிடும்!

வெள்ளைப் புகை வருகிறதா? டீசல் போகிறது, பற்றவில்லை. மார்கழிக் குளிரில் இது அதிகம். ஹீட்டர் பிளக்கைப் பார். அது சரியாக இருந்தும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் கம்ப்ரஷனும் டைமிங்கும் பார்க்க வேண்டும். அது மெக்கானிக்கின் வேலை. இப்போது நீ அவரைக் கூப்பிடலாம், தலை நிமிர்ந்து கூப்பிடலாம்!

கறுப்புப் புகை என்றால் மூச்சு முட்டுகிறது. ஏர் ஃபில்டரைக் கழற்று. நம் ஊரில் ஓடுகிற வண்டி எதை உறிஞ்சும்? பஞ்சு! நிட்டிங் வாசலிலும் கட்டிங் வாசலிலும் நிற்கிற வண்டி, பறக்கிற பஞ்சுத் தூசியைச் சேர்த்துத்தான் இழுக்கிறது. ஃபில்டர் மெத்தையாகிக் கிடக்கும். ரேடியேட்டர் முகத்திலும் அதே பஞ்சு படிந்திருக்கும். தட்டு, ஊது, தேவைப்பட்டால் மாற்று!

இன்னும் சில எச்சரிக்கைகள். பத்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் செல்ஃப் அடிக்காதே. அரை நிமிடமாவது ஆற விடு. இல்லாவிட்டால் இருக்கிற மோட்டாரும் கருகும். ஏர் ஃபில்டர் வாயில் எரிகிற துணியைக் காட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம். புது வகை காமன் ரெயில் வண்டியாக இருந்தால் டீசல் லைனைத் தளர்த்தாதே. அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும். எங்கே கை வைக்கக் கூடாது என்று தெரிந்திருப்பதும் வீரம்தான்!

வரிசை! வரிசை! வரிசை!

கவனித்தாயா? நான் உனக்கு மந்திரம் எதுவும் சொல்லவில்லை. வரிசை சொன்னேன்.

சுலபமானதை முதலில் பார். செலவில்லாததை முதலில் பார். ஒன்றைப் பார்த்து முடித்தபின் அடுத்ததுக்குப் போ. ஒரே நேரத்தில் நாலைக் கழற்றிப் போட்டுக் குழம்பாதே.

உன் வீட்டிலேயே இந்தப் பாடம் நடக்கிறதே, பார்க்கவில்லையா? ஓவர்லாக் மெஷினில் தையல் விட்டுப் போகிறது. உன் அக்கா மெஷினைத் தூக்கி எறிகிறாளா? ஊசியைப் பார்க்கிறாள். நூல் ஓடுகிற வழியைப் பார்க்கிறாள். டென்ஷனைத் திருகுகிறாள். கடைசியில்தான் லூப்பருக்குப் போகிறாள். பொறுமையாக, ஒவ்வொன்றாக! பிறகு மெஷின் பாடுகிறது.

அவளுக்கு வருகிறது, உனக்கு வராதா?

வேறு ஒரு பழக்கத்தையும் சொல்கிறேன். பேட்டரி வீக் என்று யாரோ சொன்னார். புதுசு மாட்டினாய். கிளம்பவில்லை. செல்ஃப் போச்சு என்று இன்னொருவர் சொன்னார். அதையும் மாற்றினாய். கிளம்பவில்லை. கடைசியில் பார்த்தால் எர்த் ஒயர்! பணம் போனது, நாள் போனது, மனம் உடைந்தது.

ஊகத்துக்குக் காசு கொடுக்காதே! அளந்து பார்த்த பிறகு காசு கொடு!

தோல்விக்குப் பிறந்த என்ஜின்

தோற்றுவிட்டேன் என்கிறாயா? உன் பானட்டுக்குள் இருக்கிற என்ஜினின் கதை தெரியுமா?

ருடால்ஃப் டீசல்! 1893 ஆகஸ்ட் 10. ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க். தன் முதல் என்ஜினைச் சோதிக்கிறார். ஓடியதா? இல்லை! உள்ளே வெடித்தது. அழுத்தம் அளக்கிற கருவி சிதறிப் பறந்தது. மனிதர் உயிர் தப்பியதே பெரிது.

உலகத்தின் முதல் டீசல் என்ஜினே முதல் நாளில் கிளம்பவில்லை, தம்பி!

அவர் என்ன செய்தார்? "என் ராசி" என்று வீட்டுக்குப் போனாரா? 'உள்ளே தீப்பிடித்தது அல்லவா, அப்படியானால் நெருக்கினால் எரியும் என்கிற என் எண்ணம் சரி' என்று எடுத்துக்கொண்டார்! பிரித்தார். மாற்றினார். மறுபடி மாற்றினார்.

1894 பிப்ரவரி 17. என்ஜின் தானாக ஓடியது. எவ்வளவு நேரம்? ஏறக்குறைய ஒரு நிமிடம்! ஒரே ஒரு நிமிடம்! அதற்காகத்தான் அத்தனை மாத உழைப்பு.

அதற்குப் பிறகும் மூன்று வருடம் உழைத்தார். 1897-இல் நிபுணர்கள் வந்து அளந்தார்கள். எரிபொருளின் சக்தியில் நூற்றுக்கு இருபத்தாறு பங்கை வேலையாக மாற்றியது அந்த என்ஜின். அன்றைய நீராவி என்ஜின்கள் பக்கத்தில் நிற்க முடியவில்லை!

வெடித்ததிலிருந்து அந்த நாள் வரை நாலு வருடம். நீ நாலு முறை சாவியைத் திருப்பிவிட்டு நம்பிக்கை இழக்கிறாய்!

அந்த 1893-இல்தான் கலங்கலில் ஜி.டி.நாயுடுவும் பிறந்தார். அங்கே ஒரு என்ஜின் வெடித்த வருடம், இங்கே என்ஜினைப் பிரிக்கப் போகிற ஒரு கை பிறந்த வருடம்! உலகத்தில் எதுவும் முடிந்துபோவதில்லை. யாராவது ஒருவர் மறுபடி கையில் எடுக்கிற வரை காத்திருக்கிறது.

இந்த ஊரே நின்றது. இந்த ஊரே எழுந்தது.

வெளிநாட்டுக் கதை வேண்டாமா? உன் ஊர்க் கதைக்கு வா.

2011 ஜனவரி 28. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள்! சாயம் இல்லாமல் பனியன் ஏது? ஊரின் ஓட்டமே நின்றது.

பழுது என்ன? மறைக்க வேண்டாம், நேராகச் சொல்லுவோம். சாயக் கழிவு நொய்யலில் கலந்தது. ஒரத்துப்பாளையம் அணை உப்பும் சாயமுமாக நின்றது. கீழே இருந்த விவசாயியின் கிணறு கெட்டது, நிலம் கெட்டது. அந்தக் குற்றம் உண்மை. அந்த வலி உண்மை.

திருப்பூர் முடிந்தது என்று எத்தனை பேர் சொன்னார்கள்! மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர்!

முடிந்ததா? நீயே சொல். இன்றைக்கு நீ ஏற்றிப் போகிற கலர் துணி எங்கே சாயம் ஏறியது?

பழுது எந்த இடத்தில் என்று பார்த்தார்கள். கழிவை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையை எடுத்துக்கொண்டார்கள். சுத்திகரித்தார்கள். சவ்வு வழியே அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரித்தார்கள். மீதி உப்புநீரைக் காய்ச்சினார்கள். அந்தத் தண்ணீரிலேயே மறுபடி சாயம் போட்டார்கள். செலவு அதிகம். சிரமம் அதிகம். ஆனாலும் செய்தார்கள். ஊர் மறுபடி ஓடியது!

புலம்பி எழுந்த ஊர் உலகத்தில் இல்லை. பழுதை ஒப்புக்கொண்டு, இடத்தைக் கண்டுபிடித்து, கை வைத்த ஊர்தான் எழுந்தது. ஒரு ஊருக்கே முடிந்தது உன் ஒரு பிக்கப்புக்கு முடியாதா? உன் ஒரு வாழ்க்கைக்கு முடியாதா?

இப்போது உன்னைப் பார்!

கடன் இருக்கிறதா? "கடன், கடன்" என்று மொத்தமாக அழாதே. பிரி! யாருக்கு எவ்வளவு? எந்த வட்டி உன்னைத் தின்கிறது? எதை முதலில் அடைக்க முடியும்? ஒரு நோட்டில் எழுது. எழுதிய கடனுக்குப் பாதிப் பயம் போய்விடும்.

லோடு குறைந்துவிட்டதா? "தொழிலே படுத்துவிட்டது" என்று சொல்லாதே. எந்தக் கம்பெனி கூப்பிடுவதை நிறுத்தியது? ஏன் நிறுத்தியது? நேரத்துக்குப் போகவில்லையா? துணியில் கறை பட்டதா? தார்ப்பாய் கிழிந்து ரோல் நனைந்ததா? போய்க் கேள்! கேட்கிறவனுக்கு அவமானம் இல்லை. கேட்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் நஷ்டம்.

படிப்பு நின்றுவிட்டதா, தங்கச்சி? பன்னிரண்டாவதில் தவறிவிட்டுப் பனியன் கம்பெனியில் கைமடி வேலை பார்க்கிறாயா? எந்தப் பாடத்தில் நின்றாய்? எத்தனை மார்க்கில் நின்றாய்? அங்கேயிருந்து தொடங்கு! மொத்த வாழ்க்கையும் ஃபெயில் என்று உன்னிடம் சொன்னது யார்? ஒரு பாடம்தான் ஃபெயில்!

பெரிய தோல்வி என்று ஒன்று இல்லவே இல்லை. அருகில் போய்ப் பார்த்தால் அது ஒரு தளர்ந்த டெர்மினல். ஒரு அடைத்த ஃபில்டர். ஒரு அறுந்த ஒயர். தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்குத்தான் அது மலை!

பயம் வரும். வரட்டும். பயத்தோடு இறங்கு. கை நடுங்கினால் நடுங்கிய கையோடு ஸ்பானரைப் பிடி. நட் சுற்றச் சுற்ற நடுக்கம் தானாக நிற்கும்.

கை அழுக்காகும் என்று யோசிக்கிறாயா? தமிழ்நாட்டில் எந்த ஒர்க்ஷாப்புக்குப் போனாலும் கிரீஸ் கையைத் துடைக்க எதைக் கேட்கிறார்கள்? பனியன் வேஸ்ட்! உன் ஊரில் வெட்டி விழுந்த துணி அது. கை அழுக்காக்கி உழைக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் கை துடைக்கத் துணி கொடுக்கிற ஊர் உன்னுடையது. உன் கை மட்டும் சுத்தமாக இருந்து என்ன சாதிக்கப் போகிறது?

எழுந்திரு!

நாளைக்கு என்று சொல்லாதே. நாளைக்கு விடியற்காலை லோடு ஏற்ற வேண்டிய நேரத்தில் வண்டி நிற்கும். அப்போது உனக்கு நேரமும் இருக்காது, நிதானமும் இருக்காது.

இன்று மாலை, லோடு இறக்கிய பிறகு, அரை மணி நேரம் ஒதுக்கு. டெர்மினலை நீயே தேய். எர்த் ஒயரை நீயே இறுக்கு. ஃபில்டரில் நிற்கிற தண்ணீரை நீயே வடி. ஏர் ஃபில்டரில் உள்ள பஞ்சை நீயே தட்டு. ஒரு மல்டிமீட்டர் வாங்கி டேஷ்போர்டில் போட்டு வை. தெரியாததைத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கூச்சப்படாமல் கேள். கேட்டதை எழுதி வை. நீ கற்றதை, பக்கத்தில் வண்டி நின்று தவிக்கிற இன்னொரு டிரைவருக்குச் சொல்லிக் கொடு.

இதற்குப் பட்டம் வேண்டாம். பெரிய பணம் வேண்டாம். சிபாரிசு வேண்டாம். கண், காது, கை. மூன்றும் உன்னிடம் இருக்கின்றன. போ, வேலையைத் தொடங்கு!